ஓட்டுக்குள் நுழையும் எறும்பு

ஆமை வளர்ப்போர் அதன் பகைவர்களாக நெடுங்காலம் கருதிவந்தவை நாய், எலி, காகம், ரக்கூன் போன்ற, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற, வேலியும் கம்பிவலையும் கொண்டு தடுத்துவிடக்கூடிய உயிர்களே ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, புளோரிடா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களில், கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தக் கணக்கு மாறியது. எவ்வளவு நெருக்கமாகப் பின்னிய வலையாலும் தடுக்க முடியாத, ஆறு மில்லிமீட்டருக்கு மேல் வளராத ஓர் எறும்பு, வேலிக்குள் பத்திரமாக இருந்த ஆமைக்குஞ்சுகளை ஒரே இரவில் வெறும் ஓடுகளாக்கிவிட்டுச் செல்லத் தொடங்கியது. அந்த எறும்பிடமிருந்து ஆமையைக் காக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறு பூச்சிக்கொல்லிகளின் வரலாறாக மட்டும் நின்றுவிடுவதில்லை; எறும்பை அந்நாட்டுக்குள் கொண்டுவந்ததும், ஆமையை அதன் குளத்திலிருந்து எடுத்து வீட்டுக்குள் வைத்ததும் ஒரே வகையான வாணிகப் போக்குவரத்துதான் என்பதை அது காட்டுகிறது.

இங்குப் பேசப்படும் எறும்பு சொலனாப்சிஸ் இன்விக்டா என்னும் அறிவியற்பெயர் உடையது. அதன் கடி தீச்சுட்டதுபோல் எரிவதால் ஆங்கிலம் பேசுவோர் அதற்கு இட்ட பெயரைத் தமிழில் நெருப்பெறும்பு என்றே சொல்லலாம். உண்மையில் கடி என்பதும் பொருத்தமான சொல் அன்று. அது தாடைகளால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, உடலின் பின்முனையிலுள்ள கொடுக்கைப் பாய்ச்சி, பிடியை விடாமலே உடலைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் பலமுறை கொட்டுகிறது. கொட்டிய இடத்தில் ஓரிரு நாளில் சீழ்க்கொப்புளம் எழுகிறது. தென் அமெரிக்காவில் பராகுவே ஆற்றின் வெள்ளச் சமவெளிகளே அதன் தாயகம். ஆண்டுதோறும் நீரில் மூழ்கும் அந்நிலத்தில் வாழப் பழகியதால், வெள்ளம் வரும்போது கூட்டம் முழுவதும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, அரசியையும் புழுக்களையும் தாங்கியபடி மிதவையாக மாறிக் கரைசேரும் வரை மிதக்கும் திறமும் அதற்கு வாய்த்திருக்கிறது.

அலபாமாவின் மொபீல் துறைமுகத்தில் இரண்டு வகை நெருப்பெறும்புகள் அடுத்தடுத்து வந்திறங்கின. கருநிறமுடைய முதல் வகை 1918 அளவில் வந்தது. செந்நிறமுடைய இன்விக்டா 1930களில் வந்து, முன்னதை ஓரங்கட்டிவிட்டு நாட்டுக்குள் பரவியது. சரக்கில்லாத கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க அதன் அடித்தளத்தில் ஏற்றப்படும் மண்ணோடும் கல்லோடும், அல்லது தாவரச் சரக்கோடும் அவை வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. பிற்காலத்தில் எறும்பியலின் தலைமகனாக விளங்கிய எட்வர்டு ஆஸ்பர்ன் வில்சன், மொபீலில் பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்த 1942இல், தம் வீட்டருகே இருந்த வெற்று மனையில் இந்த எறும்பின் புற்றைக் கண்டு குறித்துவைத்தார். 1949இல், இன்னும் கல்லூரி மாணவராக இருக்கும்போதே, அலபாமா மாநில அரசுக்காக அதன் பரவலை ஆராய்ந்தார். ஆயினும் அதற்குத் தனிப்பெயர் கிடைக்க 1972 வரை ஆயிற்று. அவ்வாண்டில் எறும்பியலாளர் வில்லியம் பியூரன் அதனை வேறு இனமாகப் பிரித்து, 'வெல்லப்படாதது' என்று பொருள்படும் இன்விக்டா என்னும் இலத்தீன் சொல்லைச் சூட்டினார். அதனை அழிக்க அரசு பதினைந்து ஆண்டுகள் போராடித் தோற்றுக்கொண்டிருந்த வேளையில் இட்ட பெயர் என்பதால், அதில் சற்றே குறும்பும் கலந்திருப்பதாகக் கொள்ளலாம்.

எறும்பு துறைமுகத்திலிருந்து வடக்கும் மேற்குமாக நகர்ந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், அதே வளைகுடா மாநிலங்களிலிருந்து வேறொரு சரக்கு நாடெங்கும் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குப் பின்னால் செந்நிறப் பட்டை உடையதால் செங்காது ஆமை எனப்படும் நன்னீர் ஆமையின் குஞ்சுகளே அச்சரக்கு. லூசியானாவில் குளங்களை வேலியிட்டு, தாய் ஆமைகளை அங்கே விட்டு, கரையில் அவை இடும் முட்டைகளைத் தோண்டியெடுத்துப் பொரிக்கவைக்கும் பண்ணைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருகின. ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய குஞ்சுகள் மலிவுப் பொருள் கடைகளில் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டன. சிலவற்றின் ஓட்டில் பூவும் பெயரும் வண்ணச்சாயத்தால் எழுதப்பட்டன, அந்தச் சாயமோ ஓடு வளர்வதைத் தடுத்து ஆமையை ஊனப்படுத்தியது. நெகிழியாலான சிறு தட்டு, அதன் நடுவே ஒரு தீவு, தீவில் ஒரு நெகிழிப் பனைமரம் என அமைந்த 'ஆமைக்குளம்' ஒன்றும் கூடவே விற்கப்பட்டது. குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுத்த பொட்டலங்களில் உலர்ந்த ஈக்களும் 'எறும்பு முட்டை' என்ற பெயரில் விற்ற உலர்ந்த எறும்புக் கூட்டுப்புழுக்களும் இருந்தன என்பதை இவ்வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்றாகக் குறிக்க வேண்டும். வடமாநில நகரங்களின் அடுக்ககங்களில் ஆமை எறும்பைத் தின்றுகொண்டிருந்தது. அந்த ஆமை பிறந்த மண்ணிலோ எறும்பு ஆமையைத் தின்னத் தொடங்கியிருந்தது.

நெகிழித் தட்டில் வாழ்ந்த குஞ்சுகளைப் பூச்சிகள் கொல்ல வேண்டிய தேவையே எழவில்லை, ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் இன்றி ஓடு மென்மையாகிச் சில மாதங்களில் தாமே இறந்தன. 1970களின் தொடக்கத்தில் வேறொரு சிக்கல் பெரிதாயிற்று. ஆமைகளின் குடலில் நோயின்றி வாழும் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா, அவற்றைக் கையில் எடுத்து வாயில் வைத்த குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கியது; ஆண்டுக்கு ஏறத்தாழ 2,80,000 பேர் வளர்ப்பு ஆமைகளால் இந்நோய்க்கு ஆளானதாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. அதன் விளைவாக, மேலோட்டின் நீளம் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை உள்நாட்டில் விற்பதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1975இல் தடைவிதித்தது. பண்ணைகள் மூடவில்லை, வெளிநாட்டுச் சந்தையை நோக்கித் திரும்பின.

தடைக்குப் பின்னும் ஆமை வளர்ப்பில் நிலைத்தவர்கள் பொழுதுபோக்குக்காக மட்டும் அதைச் செய்தவர்கள் அல்லர். ஆமைக்கு நேரடி வெயில் வேண்டும், வெயிலின் புறஊதாக் கதிரின்றி அதன் உடலில் டி3 உயிர்ச்சத்து உண்டாகாது, அந்தச் சத்து இல்லாமல் சுண்ணாம்பு எலும்பில் சேராது என்னும் அறிவு அவர்களிடையே பரவப் பரவ, ஆமைகள் கண்ணாடித் தொட்டியிலிருந்து வீட்டுக் கொல்லைக்கு வந்தன. பலகையோ செங்கல்லோ கொண்டு தாழ்ந்த சுவரெழுப்பி, உள்ளே ஈரமண் கொட்டி, ஒரு பக்கம் நிழலும் மறுபக்கம் வெயிலுமாக அமைத்து, முட்டையிட மணல்மேடும் வைத்த அடைப்புகள் தென்மாநிலங்களில் வழக்கமாயின. ஆமைக்கு எல்லா வகையிலும் நல்லதான இந்த மாற்றமே அதனை நெருப்பெறும்பின் வழியில் கொண்டுபோய் நிறுத்தியது. நெருப்பெறும்பு அடர்ந்த காட்டை விரும்புவதில்லை. உழுத வயல், வெட்டிய புல்தரை, சாலையோரம், புதிதாகக் கொத்திய தோட்டம் என மனிதக் கை பட்ட, வெயில் விழும் ஈரமண்ணையே நாடுகிறது. வால்டர் சிங்கல், ஜோஷுவா கிங் ஆகியோர் புளோரிடாவில் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனைகள், மண்ணைக் கிளறிய இடங்களிலேயே இவ்வெறும்பு பெருகியதைக் காட்டின. அந்த வகையில், முட்டையிட ஆமை தேடும் மண்ணும் புற்றெழுப்ப எறும்பு தேடும் மண்ணும் ஒன்றுதான். வளர்ப்பவர் அதனைத் தம் கையாலேயே பக்குவப்படுத்தி இருவருக்கும் பொதுவாகக் கொடுத்துவிடுகிறார்.

ஆமையின் உடலமைப்பு எறும்பின் முன் தோற்றுப்போவதற்கான காரணங்கள் விரிவாக நோக்கத்தக்கவை. தென்மாநிலக் கொல்லைகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பெட்டி ஆமையை எடுத்துக்கொண்டால், அதன் கீழோட்டின் குறுக்கே கதவின் கீல்போல் மடங்கும் பொருத்து ஒன்று உண்டு. ஆபத்து நேரும்போது அது தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, கீழோட்டை மேலோட்டோடு பெட்டி மூடுவதுபோல் இறுக மூடிவிடுகிறது. ரக்கூனின் நகத்துக்கும் நாயின் பல்லுக்கும் எதிராகப் பல இலட்சம் ஆண்டுகளாகப் பயன்பட்ட இந்த உத்தி, சிறு இடுக்குக் கிடைத்தாலும் நுழைந்துவிடக்கூடிய எறும்பிடம் ஆமையை ஓரிடத்தில் அசையாமல் கட்டிப்போடும் கயிறாகிறது. குஞ்சுகளுக்கு அந்தப் பாதுகாப்பும் முழுமையாக இல்லை, ஏனெனில் முதல் சில ஆண்டுகளில் அக்கீல் இயங்குவதில்லை. எறும்புகள் முதலில் தேடிச்செல்வது கண்ணோரம், கழுத்து மடிப்பு, கால் இடுக்கு, கழிவாய் போன்ற ஈரமும் மென்மையும் உள்ள இடங்களையே ஆகும்.

இதைவிடக் கொடியது முட்டை பொரியும் தறுவாய். குஞ்சு தன் மூக்கு நுனியிலுள்ள கூரிய சிறு முளையால், அதாவது முட்டைப்பல்லால், ஓட்டைக் கிழித்துத் துளையிட்டுவிட்டு உடனே வெளியே வந்துவிடுவதில்லை. வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப் பை முழுவதும் உடலுக்குள் உறிஞ்சப்படும் வரை ஒரு நாளோ அதற்கு மேலோ உடைந்த முட்டைக்குள்ளேயே கிடக்கிறது. முழு முட்டையின் ஓட்டைத் துளைப்பது எறும்புக்கு எளிதன்று. ஆனால் குஞ்சு தானே திறந்துவைத்த வாசல் வழியாக, கசியும் நீரின் மணத்தைப் பிடித்துக்கொண்டு அது உள்ளே நுழைந்துவிடுகிறது. செவ்வயிற்று ஆமை எனப்படும் புளோரிடா நன்னீர் ஆமையைக் கொண்டு செய்து 2001இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், நெருப்பெறும்புகள் அணுகும்படி விடப்பட்ட குஞ்சுகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முட்டையைத் துளையிடும்போதோ அடுத்த சிறிது நேரத்திலோ கொல்லப்பட்டன. கொட்டு வாங்கியும் உயிர்பிழைத்தவை ஏனையவற்றைவிட மெதுவாகவே எடை கூடின. அலபாமாவைச் சேர்ந்த ஊர்வனவியலாளர் இராபர்ட் மவுன்ட் இவ்வெறும்பு தென்கிழக்கு மாநிலங்களின் முதுகெலும்பிகளுக்குப் பெரும் பகையாகக்கூடும் என்று 1981லேயே எழுதியிருந்தார். மண்ணில் வளைதோண்டி வாழும் கோஃபர் ஆமையின் குஞ்சுகளை மிசிசிப்பியில் பின்தொடர்ந்தவர்கள், பாலூட்டி வேட்டையாடிகளுக்கு அடுத்தபடியாக நெருப்பெறும்பையே அவற்றின் சாவுக்குக் காரணமாகக் கண்டனர்.

எறும்பு வருவதற்கு முன்பே ஆமைக்குப் பூச்சிப்பகை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெட்டி ஆமையின் பழைய இலத்தீன் பெயரையே தன் பெயரில் தாங்கி நிற்கும் சதை ஈ ஒன்று 1916இல் விவரிக்கப்பட்டது. சதை ஈக்கள் முட்டையிடாமல் உயிருள்ள புழுக்களையே ஈனும் இயல்புடையவை. இவ்வகை ஈ ஆமையின் தோலிலுள்ள காயத்தில் புழுக்களை விட, அவை உயிருள்ள தசைக்குள் பை போன்ற குழிகளைக் குடைந்து வளர்கின்றன. எறும்பு கொட்டிய புண்ணே ஈக்கு அழைப்பாகிவிடுவதால், தென்மாநில வளர்ப்போர் காயம்பட்ட ஆமையைப் புண் ஆறும்வரை கொசுவலையிட்ட பெட்டியில் வைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். ஈயின் கதை அவ்வளவே. எறும்பின் கதைக்குத்தான் அரசும் விமானங்களும் தேவைப்பட்டன.

1957இல் அமெரிக்க நாடாளுமன்றம் நெருப்பெறும்பை ஒழிக்க 24 இலட்சம் டாலரை ஒதுக்கியது. ஹெப்டாகுளோர், டையெல்டிரின் என்னும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் சிதையாமல் நிற்கும் நஞ்சுகள் குருணைகளாக விமானங்களிலிருந்து வயல்கள்மீதும் காடுகள்மீதும் கொட்டப்பட்டன. பறவைகளும் சிறு விலங்குகளும் கூட்டம்கூட்டமாகச் செத்தன. இரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'சைலன்ட் ஸ்பிரிங்' நூல் இத்திட்டத்தை மிகக் கடுமையாகத் தாக்கியது. அவ்வாண்டிலேயே மைரெக்ஸ் என்னும் வேறொரு நஞ்சு களமிறக்கப்பட்டது. இது வெறும் தூவல் அன்று, நச்சிரை: சோயா எண்ணெயில் நஞ்சைக் கரைத்து, சோளத்தக்கைத் துகளில் ஊறவைத்துப் பரப்பினால், எறும்புகள் தாமே அதைப் புற்றுக்குத் தூக்கிச்சென்று அரசிக்கும் ஊட்டின. உத்தி கூர்மையானதுதான்; ஆனால் மைரெக்ஸ் உயிர்களின் கொழுப்பில் சேர்ந்து தங்கியதும், புற்றுநோய் ஐயம் எழுந்ததும், 1977-78இல் அதன் பயன்பாட்டுக்கு முடிவுகட்டின. இதைவிடக் கசப்பான பாடம் ஒன்றும் இருந்தது. பரந்த நிலத்தில் தூவிய நஞ்சு, நெருப்பெறும்போடு போட்டியிட்ட உள்ளூர் எறும்புகளையும் சேர்த்தே கொன்றது. காலியான நிலத்துக்கு, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும் அரசிகளோடு முதலில் திரும்பி வந்தது நெருப்பெறும்பே. வில்சன் இந்த ஒழிப்புப் போரை வியட்நாம் போரோடு ஒப்பிட்டது மிகையன்று.

அரசின் பெரும்போர் தோற்ற பிறகு, ஒவ்வொரு கொல்லையிலும் சிறுபோர் தொடர்ந்தது. தென்மாநிலத்தார் காலையுணவாகக் கஞ்சிபோல் காய்ச்சும் சோளக்குருணையைப் புற்றில் தூவினால் எறும்பு அதைத் தின்று, வயிற்றில் அது ஊதி, வெடித்துச் சாகும் என்பது இன்றும் அங்கே சொல்லப்படும் கைமருந்து. வளர்ந்த எறும்பு நீர்ப்பொருளைத் தவிர வேறெதையும் விழுங்க இயலாது, திடவுணவைச் செரிப்பவை புழுக்களே என்பதால் இது வெறும் கட்டுக்கதை. மைரெக்ஸ் நச்சிரையை எண்ணெயில் கரைத்ததன் காரணமும் இதுவே. கொதிநீர் ஊற்றுவது ஓரளவு பயன் தரும். ஒரு புற்றுக்கு ஏறத்தாழ பத்து லிட்டர் ஊற்றினால் பத்தில் ஆறு முறை கூட்டம் அழிகிறது என்று டெக்சாஸ் வேளாண் விரிவாக்கத் துறையினர் கணித்துள்ளனர். ஆயினும் ஆமை புதைந்து உறங்கும் அடைப்புக்குள் இதைச் செய்ய முடியாது என்பது வெளிப்படை.

முட்டைகளைப் பொறுத்தவரை வளர்ப்போர் கண்ட சிறந்த வழி, அவற்றை அடைப்பிலிருந்து தோண்டியெடுத்து, ஈரப்பொருள் நிரப்பிய பெட்டியில் வீட்டுக்குள் பொரிக்கவைப்பதாகும். எடுக்கும்போது முட்டையைப் புரட்டாமல், மேற்புறம் மேலேயே இருக்கும்படி வைக்க வேண்டும், இல்லையேல் உள்ளே ஓட்டோடு ஒட்டிய கரு சிதைந்துவிடும். அப்பெட்டியை நீர் நிரப்பிய தட்டின் நடுவே செங்கல்மீது வைப்பது வழக்கம். நெய்க்கிண்ணத்தையும் சர்க்கரைப் பாத்திரத்தையும் தண்ணீர்த் தட்டில் வைத்தும், பலகார அலமாரியின் கால்களுக்கு அடியில் நீர்க்கிண்ணம் வைத்தும் பழகிய தமிழ் வாசகருக்கு இதில் புதுமை இராது. ஒன்று மட்டும் வேறுபடுகிறது: மிதவை கட்டும் எறும்புக்கு வெறும் நீர் போதாது. நீரில் ஒரு துளி சோப்புக் கரைத்தால் நீர்ப்பரப்பின் இழுவிசை குறைந்து எறும்பு மூழ்கிவிடும். நீரில் விழும் ஒரு காய்ந்த இலையோ படியும் தூசியோ பாலமாகிவிடாமல் நாள்தோறும் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

அடைப்புக்கு வெளியே நச்சிரை வைக்கும் முறை 1980இல் ஹைட்ரமெதில்நான் என்னும் மருந்து வந்த பிறகு நிலைபெற்றது. மைரெக்ஸ் போலன்றி இது வெயிலில் விரைவில் சிதைந்துவிடுகிறது. பின்னர் மெத்தோபிரீன் போன்ற, எறும்பைக் கொல்லாமல் அதன் புழுக்கள் முழுவளர்ச்சி பெறுவதைத் தடுக்கும் மருந்துகளும் சேர்ந்தன. நச்சிரையின் அடிப்பொருள் சோளத்துகள் என்பதால், எதையும் தின்னும் பெட்டி ஆமை அதையும் தின்றுவிடும். ஆகவே அதனை அடைப்பின் உள்ளே அன்றி, எறும்புகள் இரைதேடி வரும் சுற்றுப்புறத்தில் தூவுவதும், எறும்பே நடமாடாத கடும் வெயில் வேளையில் வீணாக்காமல் மாலையில் தூவுவதும் கைப்பழக்கமாயின. புதைபடிவ நுண்பாசிகளின் மணற்சத்துத் தூளை அடைப்பைச் சுற்றித் தூவுவோரும் உண்டு. எறும்பின் மேற்பூச்சான மெழுகைச் சுரண்டி அதை உலர்த்திக் கொல்லும் அத்தூள், ஈரம்பட்டால் பயனிழக்கிறது. ஆமையின் அடைப்போ எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டியது.

காட்டில் வாழும் வேறோர் உயிர் இதே எறும்பை எதிர்கொண்ட விதம், ஆமையின் நிலையைத் தெளிவாக்குகிறது. டிரேசி லாங்கில்ட் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, நெருப்பெறும்பு நெடுங்காலம் குடியேறியிருந்த இடங்களில் வாழும் வேலி ஓணான்கள், எறும்பு ஏறியதும் உடலை உதறிவிட்டு ஓடிவிடும் பழக்கத்தைப் பெற்றிருந்தன. அவற்றின் பின்னங்கால்களும் நீண்டிருந்தன. ஓணான் ஓராண்டில் வளர்ந்து இனம்பெருக்குவது. மாற்றம் சில பத்தாண்டுகளில் கைகூடிற்று. பெட்டி ஆமை இனம்பெருக்கும் வயதை எட்டுவதற்கே ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு இருக்கும் ஒரே மாற்றுவழி எழுந்து வேறிடம் நடந்துபோவதுதான். வேலியடைப்பு அதை இயலாததாக்கிவிட்டது. வளர்ப்பு ஆமையின் காவல் வளர்ப்பவரது கடனாவது இவ்விடத்திலேயே.

ஊர்விட்டு ஊர் வந்த எறும்பு உள்ளூர் உயிர்களின் கண்களைத் தேடிச்செல்வது தமிழ்நாட்டுக்கும் அயலான செய்தி அன்று. திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலையைச் சுற்றிய ஊர்களில் 2022இல் ஆடுமாடுகளையும் பாம்புகளையும் முயல்களையும் வருத்திய மஞ்சள் எறும்பு வேறோர் இனம். அது கொட்டுவதில்லை, அமிலத்தைப் பீய்ச்சுகிறது. இன்விக்டா இந்தியாவுக்குள் குடிகொண்டதாகப் பதிவில்லை.

வெளிநாட்டுச் சந்தையை நோக்கித் திரும்பிய லூசியானாவின் ஆமைப் பண்ணைகள் 1989 முதல் 1997 வரை மட்டும் 5 கோடிக்கும் மேற்பட்ட செங்காது ஆமைகள் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியாவதற்குக் காரணமாயின. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அவற்றின் இறக்குமதியை நிறுத்திய பின், கிழக்கு ஆசியச் சந்தையே பெரிதாயிற்று. சீனத்தின் தென்பகுதியில் அக்குஞ்சுகளைக் கொண்டே புதிய பண்ணைகள் எழுந்து, தாமே முட்டைகளைப் பொரித்து, லூசியானாவின் வாணிகத்தைக் குறைக்கும் அளவுக்கு வளர்ந்தன. அதே தென்பகுதியில், 2004இல் குவாங்டாங் மாகாணத்தின் உச்சுவான் நகரில் சீனப் பெருநிலத்தின் முதல் நெருப்பெறும்புப் புற்றுகள் கண்டறியப்பட்டன. அவற்றின் மரபணுக்களை உலகெங்கும் எடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டு 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு, ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் புதிதாகப் பரவிய நெருப்பெறும்புகள் தென் அமெரிக்கத் தாயகத்திலிருந்து நேராக வந்தவை அல்ல, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலிருந்து கப்பலேறியவையே என்று காட்டியது.